முந்நூறு சுற்று குறைவாக

வெர்னாவின் கொட்டகைக்கு வண்டியைக் கொண்டு வருகிற எவரும் முதலில் திட்டு வாங்காமல் தப்பியதில்லை.

"இந்த பெல்ட்டப் பாரு. நாய் மென்னு துப்பின மாதிரி இருக்கு. இத மாட்டிக்கிட்டு மலை வரைக்கும் போய் வந்திருக்க. திரும்பி வரலன்னா உன் பொண்டாட்டி தேடுவான்னு நெனச்சியா?"

"தேடமாட்டாளா?"

"அவ எங்கிட்ட வந்து, அவரு வண்டி நல்ல வண்டியா, வித்தா யாரு வாங்குவான்னு கேட்டா."

கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற நாலு பேரும் சிரிப்பார்கள். திட்டு வாங்கினவனும் சிரிப்பான். அதற்குள் வெர்னா வண்டியின் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே கை விட்டிருப்பாள்.

பாதி வருஷம் பனி மூடிக் கிடக்கிற வடகோடியில், கோபுக் ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். வெளியூருக்கு ரோடு கிடையாது. ஆறு உறைந்த பிறகு ஆறுதான் ரோடு. அதில் நாங்கள் ஓட்டுகிற பனி வண்டியை ஸ்னோகோ என்போம். விறகு, இறைச்சி, மீன், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அதுதான். அது நின்றுபோனால் ஆளும் நின்றுபோவான். அதனால் வெர்னாவின் திட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அவள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. சின்ன வயதில் படிப்பதற்காகக் கோட்செபு டவுனுக்குப் போனவள், அங்கே படகு மோட்டார் பழுது பார்க்கிற கடையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பெருக்கிய இடத்திலேயே தொழிலையும் கற்றுக்கொண்டாள். அம்மா இறந்தபோது ஊருக்குத் திரும்பினாள். தம்பி ஹாலிஸ் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். கோட்செபுவில் ஒருவன் அவளுக்காகக் காத்திருந்தான் என்று கேள்வி. அவள் திரும்பிப் போகவில்லை. கொட்டகையைக் கட்டினாள், தம்பியை வளர்த்தாள். அவன் லெனோராவைக் கல்யாணம் செய்துகொண்டு கரையோரமாகத் தனி வீடு போட்டபோது, வீட்டுக்குப் பலகை அறுத்ததும் அவள்தான்.

எல்லா வேலையும் தெரியும் என்றாலும் வெர்னாவிடம் ஆட்கள் தேடி வந்தது கிளட்ச்சுக்காகத்தான். ஸ்னோகோவுக்குக் கியர் கிடையாது. இஞ்சினில் ஒரு கப்பி, அதற்குப் பின்னால் இன்னொரு கப்பி, நடுவில் ரப்பர் பெல்ட். இஞ்சின் சுழலச் சுழல முன்கப்பிக்குள் இருக்கும் சின்னச் சின்ன எடைகள் வெளிப்பக்கம் வீசப்படும். அவை கப்பியின் இரண்டு கன்னங்களையும் நெருக்கி பெல்ட்டை மேலே ஏற்றும். எடை கூடிப்போனால் பெல்ட் சீக்கிரம் ஏறிவிடும், இஞ்சினுக்கு மூச்சு முட்டும். எடை குறைந்துபோனால் இஞ்சின் சும்மா அலறும், வண்டி போகாது. ஒவ்வொரு இஞ்சினுக்கும், நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்று, முழுப் பலமும் வருகிற ஓர் எண் உண்டு. விசையை முழுக்க அழுத்தினால், சுற்றைக் காட்டுகிற முள் அந்த எண்ணில் போய் நிற்க வேண்டும், அசையக் கூடாது.

வெர்னா கப்பியின் கன்னத்தில் பேனாவால் ஒரு கோடு கிழிப்பாள். ஆற்றின் நேர்நீட்டத்தில் வண்டியை முழு வேகத்தில் விரட்டுவாள். நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட் கோட்டை எதுவரைக்கும் அழித்திருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு உள்ளங்கையைக் கப்பியின்மேல் வைப்பாள். கை பொறுக்கிற சூடா, பொறுக்காத சூடா என்று பார்த்துவிட்டு எடைகளை மாற்றிக் கொஞ்சம் கூட்டுவாள், அல்லது குறைப்பாள். மறுபடியும் விரட்டுவாள். சில நாள் பொழுது சாயும்வரைக்கும் இதுதான்.

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் ஹாலிஸ் தபால் விமானத்தில் ஒரு பெட்டியை வரவழைத்தான். வண்டியோடு வந்த கிளட்ச்சைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்காக, வேறு கம்பெனிக்காரன் செய்த கிளட்ச் உள்ளே இருந்தது. வெர்னாவுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. எடைகளில் திருகாணி போட்டு எடுக்கத் தனித்தனி ஓட்டைகள் இருந்தன. மாட்டி, எட்டாயிரத்து இருநூறு சுற்றில் முள்ளை நிறுத்திக் கொடுத்தாள். நாலைந்து நாள் ஓட்டிவிட்டு ஹாலிஸ் திரும்பி வந்தான்.

"அக்கா, நல்லாத்தான் போவுது. ஆனா ஓயாம கத்துது. உன்ன மாதிரி."

"அதாண்டா அதோட சரியான சுத்து."

"மானெல்லாம் அரை மைலுக்கு முன்னாடியே எந்திரிச்சு ஓடுது. பெட்ரோல வேற குடிக்குது. கொஞ்சம் எறக்கிக் குடு. எனக்கு அது கத்த வேணாம், உறுமினா போதும்."

"எறக்கினா அவசரத்துக்கு எழும்பாது."

"எனக்கென்ன அவசரம்?"

அவள் முடியாது என்றாள். அவன் நாலு நாள் வந்து நின்றான். லெனோரா சுட்ட ரொட்டியைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பான். கடைசியில் அவள் எடைகளில் திருகாணியைச் சேர்த்தாள். முள் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்தில் நின்றது.

"முந்நூறு குறைச்சிருக்கேன். ஞாபகம் வச்சுக்க," என்றாள்.

அதற்குப் பிறகு ஹாலிஸின் வண்டிக்கென்று ஒரு தனிக் குரல் வந்துவிட்டது. மற்ற வண்டிகள் கீச்சிட்டுக்கொண்டு வரும். அவனுடையது அடித்தொண்டையில் முனகிக்கொண்டு வரும். வேகம் எடுக்கிற இடத்தில் அந்த முனகல் ஒரு விக்கு விக்கிவிட்டுத் தொடரும். ஆற்று வளைவில் அது கேட்டதும் கட்டிப்போட்டிருக்கிற அவனுடைய நாய்கள் எழுந்து நிற்கும். லெனோரா அடுப்பில் கெண்டியை வைப்பாள். அவன் கரையேறி, வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றுவதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். எங்கள் வீட்டில் கூட, "ஹாலிஸ் வந்துட்டான்" என்று யாராவது சொல்வோம். யாரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதில்லை.

இரண்டு குளிர்காலம் அப்படிப் போயிற்று. மூன்றாவதில், ஆறு உறைந்த புதிதில், பனிக்கட்டிக்கு அடியில் போட்டிருந்த வலையைப் பார்க்க ஹாலிஸ் மேலாற்றுக்குப் போனான். முதல் நாள் ராத்திரி பனி பெய்திருந்தது. ஆறு முழுக்க ஒரே வெள்ளையாக இருந்தது, பனிக்கட்டி எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரியாது. இருட்டிய பிறகு, ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேச ஊரில் எல்லோர் வீட்டிலும் வைத்திருக்கிற ரேடியோவில் லெனோராவின் குரல் வந்தது.

"ஹாலிஸ், ஹாலிஸ், கேக்குதா? வீட்டுலேருந்து பேசறேன்."

கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் அதே வார்த்தை. அப்போது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொருவராகக் கையைக் கழுவிவிட்டு எழுந்தோம்.

சிற்றோடை ஆற்றில் வந்து விழுகிற இடத்தில் அவனுடைய தடம் முடிந்தது. அங்கே கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. பெரிய பிளவில்லை. ஒரு வீட்டு அகலம் இருக்கும். எங்கள் பக்கத்தில் ஓட்டத் தெரிந்த எவனும், திறந்த தண்ணீரைக் கடைசி நேரத்தில் கண்டுவிட்டால் பிரேக் பிடிக்க மாட்டான். பிடித்தால் அந்த இடத்திலேயே பனிக்கட்டி உடையும். விசையை முழுக்க அழுத்துவான். வேகம் இருந்தால் வண்டி தண்ணீரின்மேல் வழுக்கி அந்தப் பக்கம் ஏறிவிடும். நான் ஏறியிருக்கிறேன், ஹாலிஸும் ஏறியிருக்கிறான். அன்றைக்கும் அவன் அதைத்தான் செய்திருந்தான். தண்ணீருக்குச் சற்று முன்னால் வண்டியின் அடியில் சுழலும் பல்பட்டை பனியைத் தோண்டியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்தோம்.

வெர்னா அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்தாள். தோண்டப்பட்ட தடத்துக்குள் கையை வைத்து ஆழம் பார்த்தாள். அவள் என்ன கணக்குப் போட்டாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கொக்கிக் கம்பிகளைப் பனிக்கட்டியின் அடியில் விட்டு ஊரே துழாவியது. ஆற்றின் மேலே இருக்கிற மேலூர், கீழே இருக்கிற கீழூர் ஆட்களும் வந்தார்கள். பெண்கள் கரையில் தீ மூட்டி மான் சூப்பும் தேநீரும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வண்டி கிடைத்தது. ஹாலிஸ் கிடைக்கவில்லை. ஆறு உடைந்து ஓடிய பிறகு படகில் போய்க் கழிமுகம் வரைக்கும் தேடினோம். அப்போதும் இல்லை.

அந்த வண்டியைக் கண்முன்னால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று லெனோரா சொன்னாள். மேலூரில் தண்ணீர் நிலையத்தைக் கவனித்துக்கொள்கிற ஓர்வில் அதை வாங்கிக்கொண்டார். கோடையில் சரக்குப் படகில் ஏற்றி கோட்செபுவுக்கு அனுப்பி, இஞ்சினைப் புதிதாகக் கட்டிக்கொண்டார். அவர் நல்ல மனிதர். எங்கள் ஊரில் மகளைக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கவும் வருவார்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் முதல் தடவை வந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். வளைவில் அந்த முனகல் கேட்டது. நடுவில் ஒரு விக்கல், பிறகு தொடர்ச்சி. கோடாலி என் கையில் அப்படியே நின்றது. ஹாலிஸின் நாய்களை லெனோரா யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. எல்லாம் எழுந்து நின்றன. குரைக்கவில்லை. சாப்பாட்டு வாளியைப் பார்த்தால் சிணுங்குமே, அந்தச் சிணுங்கல். என் வாசலுக்கு எதிரே கரையோரம் இருந்த லெனோராவின் வீட்டுக் கதவு திறந்தது. கையில் கரண்டியோடு அவள் படியில் வந்து நின்றாள். உள்ளே கெண்டி கொதிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

வண்டி கரையேறி வந்தது. ஓர்வில் விளக்கை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தார், நாய்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"நாந்தாம்மா, ஓர்வில்," என்றார்.

"தெரியுதுண்ணே," என்றாள் லெனோரா. "உள்ள வாங்க, தேத்தண்ணி ரெடியா இருக்கு."

அவர் உள்ளே போய்க் குடித்தார். குடிக்காமல் எப்படிப் போவது?

அதிலிருந்து வாரா வாரம் அதுதான் நடந்தது. சத்தம் வரும், நாய்கள் எழும், கெண்டி அடுப்பில் ஏறும். வெர்னாவின் கொட்டகையில் அப்போது நேர்மாறாக நடக்கும். சத்தம் தூரத்தில் கேட்டவுடனே அவள் கதவைச் சாத்தி, உள்ளே இருக்கிற ஏதாவது ஒரு இஞ்சினை இழுத்துக் கிளப்பி அலற விடுவாள். புகை மண்டினாலும் வெளியே வரமாட்டாள். தம்பி போனதிலிருந்து அவள் யாரையும் திட்டுவதில்லை. கொட்டகைக்கு வருகிறவர்களுக்கு அது என்னவோபோல் இருந்தது. வேலையைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பினார்கள்.

ஒரு நாள் புகை பொறுக்காமல் நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் இஞ்சினை நிறுத்தினேன்.

"செத்துப் போவப் போறியா?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "அது என் கைய்யி," என்றாள். "அந்தச் சத்தம் நான் வச்சது. முந்நூறு குறைச்சு வச்சேன். அவன் தண்ணியப் பாத்து அழுத்தியிருக்கான், வண்டி எழும்பல. அந்த எடத்துல தடம் எவ்வளவு ஆழம் இருந்துச்சு தெரியுமா? பாதி விரல். சரியா வச்சிருந்தா ஒரு சாண் தோண்டியிருக்கும்."

"அப்படில்லாம் சொல்ல முடியாது வெர்னா. பனி எவ்வளவு கெட்டியா இருந்துச்சோ."

"நீ சொல்ல முடியாது. நான் சொல்லலாம்."

அடுத்த வாரம் ஓர்வில் வந்தபோது அவள் முதல் முறையாக வெளியே வந்து அவரை மறித்தாள்.

"அண்ணே, வண்டியக் கொட்டகைக்குள்ள விடுங்க. கிளட்ச் சரியில்ல. ஓசிலயே செஞ்சு தரேன்."

"நல்லாத்தானம்மா ஓடுது?"

"ஓடல. சுத்து கம்மியா இருக்கு. கேட்டாலே தெரியுது."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் வண்டியை உள்ளே விட்டார். விஷயம் எப்படித்தான் பரவுமோ, வெர்னா மூடியைக் கழற்றுவதற்குள் லெனோரா வந்துவிட்டாள். மேல்கோட்டுகூடப் போடவில்லை.

"தொடாதீங்கக்கா."

"லெனோரா, அது அவன் இல்ல."

"அவர் இல்லன்னு எனக்குத் தெரியாதா? கரையேறினா ஓர்வில் அண்ணன் மூஞ்சி தெரியுது. ஆனா வளைவுலேருந்து கரைக்கு வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாம இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவ, அவ்வளவு நேரந்தான். அதையும் எடுத்துடாதீங்க."

வெர்னா திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. "அதே நேரத்துலதான் எனக்கு அவன் முழுகுறான்," என்றாள். "ஒவ்வொரு வாரமும்."

அடுப்பில் விறகு வெடித்தது. ஓர்வில் தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் வேணும்னா ஊருக்குப் பின்பக்கமா பழைய தடத்துல வந்துக்கறேன்," என்றார்.

"வேணாம்," என்று இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

லெனோரா சொன்னாள், "பாருங்க. பாக்கறதுல தப்பில்ல. மாத்தாதீங்க."

வெர்னா மூடியைக் கழற்றினாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. பிறகு விளக்கைக் கேட்டாள். நான் பிடித்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரோடது?" என்றாள்.

"எது?"

"இந்தக் கிளட்ச். இது என்னோடது இல்ல. ஹாலிஸ் வாங்கினது இல்ல. இது வண்டிக் கம்பெனி கிளட்ச்."

"அதுவா?" என்றார் ஓர்வில். "கோட்செபுல இஞ்சின் கட்டினவன் மாத்தினான். பழசு தண்ணில கெடந்து துரு ஏறிப் போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னான். எனக்கு எதுவா இருந்தா என்ன?"

எடைகளும் புதியவை, ஸ்பிரிங்கும் புதியது. வெர்னா சேர்த்த திருகாணிகளுக்கு அதில் ஓட்டையே கிடையாது.

அவள் பேனாவை எடுத்துக் கப்பியில் கோடு கிழித்தாள். வண்டியை ஆற்றுக்கு இறக்கினாள். என்னைப் பின்னால் உட்காரச் சொல்லி நேர்நீட்டத்தில் முழு விசையில் விரட்டினாள். காற்று முகத்தை அறுத்தது. அவள் தோளுக்கு மேலாக நான் முள்ளைப் பார்த்தேன். எட்டாயிரத்து இருநூறில் ஆணி அடித்ததுபோல நின்றது. எல்லா வண்டியும்போல அதுவும் கீச்சிட்டது. நிறுத்தி, கப்பியில் கை வைத்தாள். சூடு சரியாக இருந்தது. கோடு சரியாக அழிந்திருந்தது. திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.

"நீ எறங்கி லெனோராகிட்டப் போய் நில்லு," என்றாள். "நான் வளைவுக்குப் போய்த் திரும்பி வரேன்."

நான் கரையேறி லெனோராவின் வாசலில் நின்றேன். ஓர்வில் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டிருந்தார். வண்டி போய் மறைந்தது. மேற்கே கொஞ்சம் செம்மை மிச்சமிருந்தது. பிறகு வளைவிலிருந்து அது வந்தது. அடித்தொண்டை முனகல், ஒரு விக்கல், மறுபடியும் முனகல். நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பக்கத்தில் ஓர்வில், "கர்த்தாவே," என்று முணுமுணுத்தார். தன் வண்டியை அவர் வெளியில் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

வெர்னா கரையில் ஏறி இஞ்சினை அணைத்தாள்.

"எட்டாயிரத்து இருநூறு. கடைசி வரைக்கும் அசையல," என்றாள். "உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

நான் லெனோராவின் பக்கம் திரும்பினேன்.

"அவருதான் வந்தாரு," என்றாள் லெனோரா.

வெர்னா நாய்களைப் பார்த்தாள். அவை இன்னும் அவளுக்குப் பின்னால், காலியாக இருந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் இறங்கி ஓர்விலை ஓட்டச் சொன்னாள். அவருக்கு மனமில்லை, இருந்தாலும் ஏறினார். இந்த முறை வெர்னா எங்களோடு நின்றாள். இரண்டு கையாலும் தொப்பியின் காதுமடல்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சத்தம் வளைவிலிருந்து கரை வரைக்கும் வந்து நின்றபோது அவள் கன்னத்தில் ஈரம் உறைந்து வெள்ளையாகியிருந்தது.

"நான் வச்சதில்ல இது," என்றாள். லெனோரா அவள் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப்போனாள். துக்கத்துக்குப் பிறகு வெர்னா அந்த வாசலைத் தாண்டியது அன்றைக்குத்தான்.

நாங்களும் உள்ளே உட்கார்ந்தோம். உலர்ந்த மீனும் கெட்டியான கப்பல் பிஸ்கட்டும் தேநீரும் இருந்தன. சுவரில் ஹாலிஸின் துப்பாக்கி தொங்கியது. வெர்னா கோப்பையை வைத்துவிட்டு லெனோராவைக் கேட்டாள்.

"பேரு கேட்டு வந்தாங்களாமே?"

எங்கள் ஜனங்களில் ஒருவர் இறந்தால் அவர் பெயரை அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு வைப்போம். ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. பெயரோடு அவரும் வந்துவிடுவார். ஹாலிஸுக்குப் பிறகு ஊரில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டு வீட்டுக்காரர்களும் வந்து கேட்டார்கள். லெனோரா தரவில்லை.

"கெடைக்காதவருக்கு எப்படிக்கா பேரக் குடுக்கறது? குடுத்துட்டா செத்துட்டாருன்னு நானே சொன்ன மாதிரி."

"அவனுக்கு எறங்க எடமில்ல லெனோரா. வளைவு வரைக்கும் வரான், கரை வரைக்கும் வரான். அப்புறம் எங்க போவான்?"

லெனோரா எழுந்தாள். கோப்பைகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின கோப்பையையே மறுபடியும் கழுவினாள்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் வெர்னாவின் சிற்றப்பா மகள் டீலியா கோட்செபு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, விமானத்தில் வந்து இறங்கினாள். பெண் குழந்தை. விமானம் இறங்குகிற பனித்திடலுக்கு லெனோரா தானே நடந்துபோனாள். டீலியா கீழே கால் வைத்ததும், போர்வையை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். யாரும் கேட்காமலே, "ஹாலிஸ்," என்றாள்.

ஊர்க்கூடத்தில் எல்லோரும் கூடிச் சாப்பிட்டோம். குழந்தையை முதலில் லெனோராவின் மடியில் வைத்தார்கள். அவள் அதன் காதருகே குனிந்து, "என்னங்க," என்று கூப்பிட்டாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பாதிப்பேர் அழுதார்கள். ஓர்வில் தன் பங்குக்கு, "மாப்ள, உன் வண்டிய நாந்தான் ஓட்டறேன், கோவிச்சுக்காத," என்றார். வெர்னா கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வாங்கினாள். நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு எத்தனை கழுவினாலும் போகாது. "தம்பி," என்றாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர்வில் வந்தார். நான் காத்திருந்து கேட்டேன். வளைவில் ஒரு வண்டி கீச்சிட்டுக்கொண்டு வந்தது. யாருடைய வண்டியாகவும் இருக்கலாம். நாய்கள் மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு கிடந்தன. லெனோரா வீட்டுக் கதவு திறக்கவில்லை. அவர் போய்த் தட்டின பிறகுதான் கெண்டி அடுப்புக்கு ஏறியது.

வெர்னாவிடம் சொன்னேன். அவள் கொட்டகைக் கதவை அன்றைக்குச் சாத்தியிருக்கவில்லை.

"உனக்கு நின்னுடுச்சா?" என்றாள்.

"உனக்கு நிக்கலயா?"

"எனக்குக் கேக்குது."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு ஒரு வண்டிக்காரனைத் திட்டத் தொடங்கினாள். அந்தத் திட்டைக் கேட்டு அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

ஆண்டுகள் ஓடிவிட்டன. ஹாலிஸின் உடல் கிடைக்கவில்லை. லெனோரா கீழூரில் ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறாள், நன்றாக இருக்கிறாள், வந்தால் குழந்தைக்குக் கையுறை பின்னிக்கொண்டு வருவாள். வெர்னாவிடம் எவன் வந்து எப்படிக் கெஞ்சினாலும் எடைகளைக் கூட்டித் தரமாட்டாள். அந்த இஞ்சினுக்கு உண்டான சுற்றில் முள்ளை நிறுத்துவாள், அதோடு சரி.

குட்டி ஹாலிஸுக்கு இப்போது ஐந்து வயது. பெயர் வாங்கின பிள்ளைகள் பேசக் கற்றதும் திடீரென்று ஏதாவது சொல்லும் என்பார்கள். போனவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருக்கும். வெர்னா அதற்காகக் காத்திருக்கிறாள் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தண்ணீரை அவன் எப்போது கண்டான், அழுத்தினபோது வண்டி எழும்பியதா இல்லையா என்று. குழந்தை அப்படி எதுவும் சொன்னதில்லை. அதற்கு மிட்டாய் பிடிக்கும், பல் தேய்க்கப் பிடிக்காது, டீலியாவின் நாயைக் குதிரை என்று சொல்லும். மற்ற பிள்ளைகளுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

போன வாரம் நான் போனபோது வெர்னா வீட்டு மேஜையில் இரண்டு பேரும் மான் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெர்னாவின் கிண்ணம் ஆறிப் போயிருந்தது. குழந்தை கரண்டியைக் கீழே வைத்தது.

"ஏன் என்னையே பாத்துக்கிட்டு இருக்க?"

"ஒண்ணுமில்ல தம்பி," என்றாள் வெர்னா. "நீ சாப்பிடு."